கடையில் உட்கார்ந்த கதிரை வேறு, வீட்டுக்கு வந்த கதிரை வேறு

வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக மட்டக்களப்பில் அலுவலகக் கதிரை வாங்க இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நல்ல கதிரை ஒன்றைக் காட்சிக்கு வைத்து, அதில் நம்மை உட்காரவைத்துக் காசை வாங்கிக்கொண்டு, பெட்டியில் வேறொன்றை அனுப்பும் வேலை நமது ஊரிலேயே நடக்கிறது. எனக்கு நடந்தது. 28,500 ரூபா கொடுத்து வாங்கிய கதிரை இன்று கழற்றிய நிலையில் விறாந்தையில் கிடக்கிறது.

நான் ஆரையம்பதியில் இருந்துகொண்டு கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை எழும்ப முடியாது. மாத இறுதியில் இரவும் சேர்ந்துவிடும். சாப்பாட்டு மேசைக் கதிரையில் தலையணை போட்டு உட்கார்ந்ததில் நாரி பிடித்து, குனிந்து வாளி தூக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. மருந்து தந்த வைத்தியர், உட்காரும் இடத்தை மாற்றாமல் மாத்திரை போடுவதில் பயனில்லை என்றார். அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அன்பாகத்தான் பேசினார். “மகள், இது நாரிக்கென்றே செய்த ஓர்தோபீடிக் மாடல். இதில் உட்கார்ந்தால் வலி என்ற பேச்சே இல்லை” என்றார். அந்தக் காட்சிக் கதிரையும் உண்மையிலேயே நன்றாகவே இருந்தது. இருக்கையைக் கையால் அழுத்தினால் உடனே மேலெழும்பியது. வலைமுதுகு இழுத்துக் கட்டியதுபோல் நின்றது. கீழே ஐந்து கால்களும் உலோகம். அதையே தாருங்கள் என்று கேட்டேன். “காட்சிக்கு வைத்தது எதற்கு மகள், எத்தனையோ பேர் உட்கார்ந்தது. இதே மாடல், புதிது, பெட்டியோடு அனுப்புகிறேன்” என்றார். மாலையில் லொறி வந்தது. ஒரு தம்பி விறுவிறுவென்று பூட்டிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நிறம் ஒன்று, வடிவமும் ஒன்று. கால்களை விரலால் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். மேலே வெள்ளிப் பூச்சு. அன்றே தொலைபேசியில் கேட்டேன். “அது பழைய தொகுதி. புதிய தொகுதி இப்படித்தான் வருகிறது, இன்னும் உறுதி” என்று பதில் வந்தது. முதல் மாதம் முடிவதற்குள் கதிரை இறங்கத் தொடங்கிவிட்டது. உயர்த்திவிட்டு உட்கார்ந்தால், ஒரு மின்னஞ்சலை எழுதி முடிப்பதற்குள் மேசை நெஞ்சுக்கு வந்துவிடும். தோளை உயர்த்தித் தட்டச்சு செய்ததில் நாரி வலியோடு கழுத்து வலியும் சேர்ந்துகொண்டது. வலிக்குத் தீர்வு என்று சொல்லி விற்ற பொருள் வலியைக் கூட்டியது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

உத்தரவாதம் ஒரு வருடம் என்று அட்டையின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், காஸ் தண்டு (இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் நடுத்தண்டு), சில்லுகள், கைப்பிடி, உறை, ஸ்பொஞ்சு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று போட்டிருக்கிறார்கள். பழுதாகக்கூடிய எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் மிச்சம் எதற்கு உத்தரவாதம்? திருத்த வேண்டுமானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், ஏற்றிறக்குக் கூலி என்னுடையது என்றும் சொன்னார்கள். கையால் எழுதிய பற்றுச்சீட்டில் ‘கதிரை 1’ என்று மட்டுமே இருந்தது. மாடலும் இல்லை, கால் உலோகமா பிளாஸ்டிக்கா என்பதும் இல்லை. கடைக்காரருக்கு வசதியாக எழுதப்பட்ட சீட்டு அது.

பிறகு காத்தான்குடியில் குஷன் தைக்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த நானா இருக்கையின் உறையைக் கழற்றியதும் பேசாமல் என்னைப் பார்த்தார். உள்ளே ஒரே அச்சில் வார்த்த ஸ்பொஞ்சு இல்லை. வெவ்வேறு நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திய கழிவு ஸ்பொஞ்சு. அதன் கீழே ஒட்டுப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் மரத்தூள் அட்டை. ஆணி பிடித்திருந்த இடங்கள் ஏற்கெனவே உதிர்ந்து துளை பெருத்திருந்தது. “இது இன்னும் கொஞ்ச நாளில் ஆளோடு கழன்றிருக்கும் தங்கச்சி” என்றார். வீட்டில் பிள்ளைகளும் அதில் ஏறிச் சுற்றுவார்கள் என்பதை நினைத்தபோது உடல் கூசியது.

காஸ் தண்டைப் பற்றியும் அவரிடமே விளங்கிக்கொண்டேன். அழுத்தி அடைத்த நைதரசன்தான் நம்மைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் அடைப்பு தேய்ந்தால் வாயு கசியும், கதிரை இறங்கும். அதில் மீண்டும் காஸ் நிரப்ப முடியாது, தண்டையே மாற்ற வேண்டும். பெரும்பாலான கதிரைகளுக்கு ஒரே அளவுத் தண்டு பொருந்தும் என்பதால் மாற்றுவது பெரிய வேலையும் அல்ல. கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்ற கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. நல்ல தண்டில் அதன் தரவகுப்பு பொறிக்கப்பட்டிருக்கும். 3 அல்லது 4 என்றால் சுவர் தடிப்பானது. என்னுடையதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஆகவே, எந்தக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தீர்களோ அதையே ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் பெட்டியைக் கடையிலேயே உடைத்துப் பூட்டச் சொல்லி, அதில் உட்கார்ந்த பிறகு காசைக் கொடுங்கள். இரண்டு நிமிடம் போதாது. கால் மணி நேரமாவது உட்காருங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகுத் தாங்கியின் வளைவு நாரிக்கு நேரே வரவேண்டும். நமது மேசைகள் பெரும்பாலும் இரண்டரை அடி உயரம். அதற்கேற்ப உயர்த்தினால் உயரம் குறைந்த பெண்களுக்குக் கால் தொங்கும், அவர்கள் காலடியில் ஒரு பலகை வைக்க வேண்டியிருக்கும். ‘ஓர்தோபீடிக்’ என்ற எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

பளபளக்கும் செயற்கைத் தோல் கதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நமக்கு அது ஒத்துவராது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும், முதுகும் வியர்த்து ஒட்டும். வலையோ துணியோ மேல். உப்புக் காற்றில் மலிவான திருகாணிகள் துருப்பிடிப்பதையும் பார்த்து வாங்குங்கள். கையில் காசு குறைவென்றால், புதிதாகப் பளபளக்கும் மலிவுக் கதிரையைவிட, அலுவலகங்கள் கழித்துவிடும் உறுதியான பழைய கதிரையை வாங்கித் தண்டை மாற்றிக் குஷன் தைப்பது மேல் என்பது என் கருத்து. நான் இப்போது உட்கார்ந்து எழுதுவதும் அப்படி ஒன்றில்தான்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன், முடிவு வரட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். “நாளை வாருங்கள், அடுத்த கிழமை வாருங்கள்” என்று அலைக்கழிக்கும் கடைகள் அந்த மூன்று மாதத்தைத்தான் கடத்துகின்றன. அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் மாடல், பாகங்கள், உத்தரவாதம் எதற்கு என்பதையெல்லாம் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். காட்சிக் கதிரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். என்னிடம் இருக்கும் வலுவான சான்று அந்தப் படமும் வீட்டுக்கு வந்த கதிரையின் படமும்தான்.

இதேபோல் ஏமாற்றப்பட்டு இன்னும் மூன்று மாதம் முடியாதவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சிரமப்படுபவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.