குமாவோன் ஐப்பண் மணைகள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உத்தராகண்டின் குமாவோன் மலைக் கிராமங்களில் தரை, வாசற்படி, பூஜை மணை எல்லாவற்றிலும் காவி பூசி, அரிசிமாவுக் கரைசலால் பெண்கள் போடும் கோலம் ஐப்பண். 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அல்மோரா, நைனிதால் கடைத்தெருக்களிலும் இணையத்திலும் ஐப்பண் மணை, தட்டு, ஸ்டிக்கர் என்று ஏராளமாக வருகிறது. சிவப்பில் வெள்ளைக் கோடு இருந்தால் போதும், ஐப்பண் என்று விற்றுவிடுகிறார்கள். பூஜைக்கு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்தச் சௌகி?"

சௌகி என்றால் பூஜைக்கான கோல வடிவம். ஒவ்வொரு சௌகிக்கும் அதற்கான தெய்வமோ சடங்கோ உண்டு. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் சரஸ்வதி சௌகி. அறுகோணத்துக்குள் ஏழு நட்சத்திரங்கள் இருந்தால் பூணூல் சௌகி. அந்த ஏழும் சப்தரிஷிகள். பழைய வழக்கம் ஒன்றைச் சுமந்து நிற்பது சூரிய தரிசன சௌகி. குழந்தை பிறந்த 11ஆம் நாள் பெயர் சூட்டும்போது, அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்த குழந்தையை முற்றத்துக்கு எடுத்துவந்து சூரியனைக் காட்டுவார்கள். அந்த முற்றத்தில் போடும் கோலம் இது. வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய நூலான பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம், சூரியனைக் காட்டும் இதே சடங்கை நான்காம் மாதத்தில் வைத்து, 'தச்சக்ஷுர்' மந்திரத்தைச் சொல்லச் சொல்கிறது. நூறு சரத்காலம், அதாவது நூறு ஆண்டு, காண வேண்டும் என்று கேட்கும் ரிக்வேத மந்திரம் அது. குமாவோன் மலையில் இந்தச் சடங்கு பெயர் சூட்டும் நாளோடு சேர்ந்துவிட்டது. வெயில் படும் தரைக்கு உரிய இந்தக் கோலத்தைச் சுவர்க் கடிகாரத்துக்கு அலங்காரமாக விற்பதை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

அடுத்து மணையின் ஓரங்களைப் பாருங்கள். மேலிருந்து கீழாக நெருக்கமாக இறங்கும் வெள்ளைக் கோடுகள் வசுதாரா. 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். விரலை மாவில் தோய்த்து மேல் விளிம்பில் வைத்தால் கரைசல் தானாக வழிந்து கோடாகும். ருத்ர ஹோமத்தில் சமகம் என்ற வேத மந்திரத்தைச் சொல்லும்போது இடைவிடாமல் நெய்யை ஊற்றும் வசோர்தாரையை நம் ஊர்க் கோயில்களில் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் சட்டென்று பிடிபடும். அறுபடாத தாரை என்பதுதான் இதற்கு உயிர். வசுதாரா இல்லாத ஐப்பண் நிறைவுபெறாது என்பது குமாவோன் வீடுகளின் வழக்கம். ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகின்றன: மணையின் அளவுக்கு வெட்டும்போது ஓரக் கோடுகள் பாதியில் துண்டாகிவிடும், அல்லது எண்ணிக்கை இரட்டைப்படையாகிவிடும்.

புள்ளிகளையும் கவனியுங்கள். புள்ளி வைக்காத ஐப்பண் துக்கச் சடங்குக்கு உரியதாகக் கருதப்படுகிறது. 'நவீன வடிவம்' என்று புள்ளிகளை நீக்கிவிட்டுச் சுத்தமான கோடுகளோடு வரும் மணைகளைத் திருமணப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

கையால் போட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு கோட்டை அருகில் வைத்துப் பார்த்தால் போதும். விரலால் இழுத்த கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் மெலிந்திருக்கும். தூரிகைக் கோட்டில் முடித் தடம் தெரியும். அச்சில் எல்லாம் ஒரே தடிமன். ஈரத் துணியால் ஓரத்தில் தேய்த்தால், மேலே வார்னிஷ் இல்லாத காவி துணியில் ஒட்டும், அக்ரிலிக் ஒட்டாது. தினமும் புழங்கும் மணைக்கு அக்ரிலிக் வாங்குவதில் தவறே இல்லை. துடைக்கலாம், எண்ணெய் பட்டாலும் தாங்கும். மணையைத் திருப்பிப் பார்க்காமல் மட்டும் வாங்கக் கூடாது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் அபிஷேக நீர் பட்டால் விளிம்பு உப்பி, மேலே இருக்கும் வண்ணம் வெடிக்கும். நல்ல மரமாக இருந்தாலும் அடியில் குறுக்குச் சட்டம் இல்லையென்றால் பலகை வளைந்துவிடும்.

எங்கள் கணக்கில், இந்தக் கடைகளில் வாங்கத் தகுந்த முதல் பொருள் காவிப்பொடிதான். அங்கே கேரு என்று கேட்க வேண்டும். அதை வைத்து ஐப்பணை வீட்டிலேயே போட்டுவிடலாம். அரை கப் பச்சரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து, மிகக் குறைந்த தண்ணீரில் வெண்ணெய் போல அரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பிறகு விரல் நுனியிலிருந்து மெதுவாகச் சொட்டும் பதம் வரும்வரை தண்ணீர் சேருங்கள். கோலம் போடும் இந்தக் கரைசலுக்குப் பெயர் பிஸ்வார். காவியையும் கரைத்து வடிகட்டி இரண்டு முறை பூசி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே கோடு போட்டால் காவி ஊறி வெள்ளை இளஞ்சிவப்பாகும். மாவு தண்ணீராக இருந்தால் காய்ந்த பின் கோடு மங்கும். கெட்டியாக இருந்தால் பொருக்குத் தட்டி உதிரும். வழவழப்பான பலகையில் மாவு பிடிக்காது, முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வலது கையின் கடைசி மூன்று விரல்களால் போடுவதுதான் அங்குள்ள முறை. லட்சுமி பாதத்துக்கு மட்டும் கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துப் பதிக்க வேண்டும். அதன் மேலே விரல் நுனியால் கால்விரல் புள்ளிகள். பாதங்கள் வாசலிலிருந்து பூஜை அறையை நோக்கியே போக வேண்டும்.