மூன்று வருடம், நான்கு முறை லாரி டியூப்: ஒரு வேகப் படகின் கணக்கு

இந்த மூன்று வருடத்தில் நான்கு தடவை லாரி டியூப்பில் குப்புறப் படுத்து, கையால் துழாவிக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போய்ப் படகை இழுத்து வந்திருக்கிறேன். நான்கில் மூன்று என் தப்பு, ஒன்று பாசியின் தப்பு. ரிமோட் படகு கட்டலாமா, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். டியூப்புக்கு ஒரு இருநூறு ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள்.

நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர் மோட்டார், மோனோபிளாக், மிக்ஸி எது வந்தாலும் கட்டுவேன். அக்கா மகன் காலேஜ் லீவில் வந்தபோது போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "மாமா, இது நம்மால முடியுமா?" என்றான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில் ஒரு படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மோட்டாரைப் பார்த்தேன். மூன்று ஒயர். நம்ம சாமான்தானே, முடியும் என்றேன். ஆர்.சி. படகு, அதாவது ரேடியோ கன்ட்ரோல் படகு, கட்டுகிறோம் என்று கடையில் சொன்னால், "ஆர்.சி. புக் இருக்கா, இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?" என்று இன்றைக்கும் கேட்பார்கள்.

உடம்பை ரெடிமேடாக வாங்காமல் நாங்களே செய்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டும்தான். 66 சென்டிமீட்டர் நீளம், 'வி' வயிறு, ஒற்றை உடம்பு. தெர்மாகோலில் அச்சை அறுத்து, உப்புத்தாள் போட்டு வழுவழுவென்று ஆக்க நான்கு ராத்திரி ஆனது. பிறகு ஃபைபர் மேட்டை விரித்து ரெசினை ஊற்றினேன். ஐந்தே நிமிடம். நான்கு ராத்திரி வேலை என் கண் முன்னால் நுரைத்து, குழிந்து, பாயசம் மாதிரி உட்கார்ந்துவிட்டது. பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்று தெரியாமல் போனதற்குக் கூலி அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஃபைபர் படகு கட்டுகிற ஒரு மேஸ்திரி சிரிக்காமல் கேட்டுவிட்டு, "தம்பி, அச்சு முழுக்க பிரவுன் டேப்ப இழுத்து ஒட்டுங்க. அது மேல மெழுகு தேய்ங்க. அப்புறம் ஊத்துங்க" என்றார். சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட், இரண்டு அடுக்கு, அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், மட்டும் மூன்று என்று கணக்கும் சொன்னார். இன்னொன்றையும் இரண்டு தடவை சொன்னார்: ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கிற கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான், இறுகலைத் தொடங்கிவைக்கிற கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும், இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். ரெசின், மேட் எல்லாமாக 1,100 ரூபாய். அந்த உடம்பு இன்னும் ஓடுகிறது. மதகுக் கட்டையில் ஒரு முறை மோதியதில் அணியத்தில் விழுந்த விரிசலையும் மேட் வைத்து ஒட்டியாகிவிட்டது.

மற்ற செலவு: மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற எலக்ட்ரானிக் பெட்டி) 6,800, ரிமோட் 4,200, 3எஸ் (மூன்று செல் வரிசை) பேட்டரி இரண்டு 7,600, சார்ஜர் 2,400, சுக்கான், ஸ்ட்ரட் (ஷாஃப்ட்டின் பின்நுனியைத் தாங்குகிற தாங்கி), ஷாஃப்ட் சாமான்கள் 3,100. மொத்தம் 25,200. மூன்று வருடத் தப்புகளுக்கு மேலே ஒரு 9,000. வீட்டில் சொன்ன தொகை வேறு.

மோட்டார் 36 மில்லிமீட்டர் குறுக்களவு, 60 நீளம், 2,070 கேவி. அதாவது ஒரு வோல்ட்டுக்கு 2,070 சுற்று. 3எஸ் பேட்டரியின் 11.1 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 23,000. ப்ரொப்பெல்லர் 40 மில்லிமீட்டர், பிட்ச் அதைப்போல 1.4 மடங்கு, 56 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 56 மில்லிமீட்டர் முன்னேறினால் மணிக்கு 77 கிலோமீட்டர் வருகிறது. காகிதத்தில். முதல் நாள் ஜி.பி.எஸ். மீட்டர் காட்டியது 36. தண்ணீர் வழுக்கும், பாரம் ஏறினால் சுற்றும் குறையும் என்று தெரியும். ஆனாலும் பாதிகூட இல்லையே.

அங்கேதான் கடைக்காரப் புத்தி என்னைக் கெடுத்தது. வேகம் பற்றவில்லையா, பெரிய ப்ராப் போடு. 42 போட்டேன். 2 மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். ப்ராப் இழுக்கிற சக்தி குறுக்களவின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறும், ஆகவே கால்பங்குக்கு மேல் கூடும். வாட் மீட்டரில் உச்சம் 62 ஆம்பியரிலிருந்து 79க்குப் போனது. வேகம் 2 கிலோமீட்டர் கூடியது. மோட்டாரைத் தொட்டால் இட்லிப் பானை.

வேகம் கிடைத்தது காசே செலவழிக்காத இடங்களில். முதல் ஓட்டத்தில் படகு தவளை மாதிரி அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. விரல் நுனிகளில் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். பின்பலகையிலிருந்து 17 சென்டிமீட்டரில் எடை நின்றது. இந்த வகை உடம்புக்கு நீளத்தில் 30 சதவீதம், அதாவது 20 சென்டிமீட்டர் வர வேண்டும். பேட்டரியை முன்னால் தள்ளி வெல்க்ரோவில் கட்டியதும் குதிப்பு நின்றது. மீட்டரில் 43. அதே பேட்டரியை ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் நகர்த்தியதும், ப்ராப் சுற்றுவதால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறதே, அதுவும் சரியானது.

அடுத்து ப்ராப். கடையிலிருந்து வருகிற ப்ராப் வார்ப்புதான், கத்தி இல்லை. தண்ணீருக்குள் முதலில் நுழைகிற ஓரத்தை மட்டும் மெல்லிய அரத்தால் கூராக்க வேண்டும். பின் ஓரம் தடிமனாகவே இருக்கட்டும். பாதி ப்ராப் தண்ணீருக்கு வெளியே சுற்றுகிற இந்த வகைக்கு அப்படித்தான். பிறகு சமநிலை. எங்கள் கடையில் ரோட்டரை இரண்டு கூர் விளிம்புகள் மேல் உருட்டிப் பார்ப்போமே, அதே வேலை. இரண்டு பிளேடுகளை நட்டு, கம்பியில் ப்ராப்பைக் கோத்து மேலே வைத்தேன். ஒரு இலை மெதுவாக, கூச்சப்படுகிற மாதிரி, கீழே இறங்கி நின்றது. அதன் முதுகில் அரத்தால் நான்கு இழுப்பு, மறுபடி வை, மறுபடி பார். எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கிற வரைக்கும் ஒன்றரை மணி நேரம். மறுநாள் ஓட்டத்தில் சத்தமே மாறியிருந்தது. முன்பு இருந்த கரகரப்பு போய் ஒரே சீரான விசில். 49. எச்சரிக்கை ஒன்று: பெரிலியம் கலந்த தாமிர ப்ராப் என்றால் ஈரத்தில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க்கும் வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கடைசியாக ஸ்ட்ரட். ஷாஃப்ட் நுனி பின்னால் போகப்போகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் பின்பக்கம் தூக்கப்பட்டு அணியம் தண்ணீரில் அமுங்கும். எங்களுடையது அப்படி இருந்தது. வயிற்றுக்கு நேர்மட்டமாக்கி, 3 மில்லிமீட்டர் உயர்த்தினேன். 53. பழைய 40 ப்ராப், பழைய மோட்டார், பழைய பேட்டரி. மோட்டாரை இப்போது தாராளமாகக் கையில் பிடிக்கலாம்.

சரி, டியூப் கதைக்கு வருகிறேன். முதல் தடவை: ஜோடியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ப்ராப்களில் ஒன்று எதிர்ச்சுற்று ரகம். அதனால் என்ன, மூன்று ஒயரில் இரண்டை மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றப்போகிறது, போர் மோட்டாரில் தினம் செய்கிற வேலைதானே என்று மாற்றினேன். சுற்றியது. அரை நிமிடம். ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் என்பது முறுக்கிய கம்பிக்கயிறு. ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் சுற்றினால் பிரியும். பித்தளைக் குழாய்க்குள் பிரிந்து இறுகிக்கொண்டதை வெளியே எடுக்க அரை நாள் ஆனது.

இரண்டாவது தடவை இன்னும் வெட்கம். பேட்டரியை முன்னால் தள்ளியபோது ஒயர் எட்டவில்லை. பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே ஒரு ஜாண் ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்தேன். நல்ல கனமான ஒயர், இழப்பு ஒன்றும் இருக்காது என்று கணக்கும் போட்டேன். ஈ.எஸ்.சி. கரண்டை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. நீண்ட ஒயர் ஒவ்வொரு வெட்டிலும் வோல்ட்டை எகிறவைக்கும். அந்த அடி முழுவதும் கெப்பாசிட்டர் தலையில் விழும். ஆறாவது ஓட்டத்தில் 'பட்' என்றது. மூடியைத் திறந்தால் கடையில் தினமும் முகர்கிற அதே வாசனை. காயில் கட்டுகிறவனுக்கு இது தோன்றாமல் போனது இன்னும் உறுத்துகிறது. ஒயரை நீட்டியே ஆக வேண்டுமானால் மோட்டார் பக்கத்து மூன்று ஒயர்களை நீட்டுங்கள். புது ஈ.எஸ்.சி.யில் 35 வோல்ட் லோ ஈ.எஸ்.ஆர். (உள் தடை குறைந்த) கெப்பாசிட்டர் நான்கை, பேட்டரி ஒயர் நுழைகிற வாசலிலேயே சேர்த்திருக்கிறேன். இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை.

மூன்றாவதுதான் பாசி. வெளியூர்க்காரர்கள் சொல்லித்தருகிற செட்டிங்கை அப்படியே நம்பினால் டெல்டாவில் மாட்டிக்கொள்வோம். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வந்து குளம் நிறையும்போது அது டீ நிறத்தில் இருக்கும். ப்ராப்புக்குப் பின்னால் இருக்கிற சின்னத் துளை வழியாக ஏறித்தான் தண்ணீர் மோட்டாரையும் ஈ.எஸ்.சி.யையும் குளிரவைக்க வேண்டும். அந்த வண்டல் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டுத் துவாரத்தில் தண்ணீர் பீச்சுகிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்ப்பேன். கரைக்கு வந்ததும் ஊசி போடுகிற சிரிஞ்சால் நல்ல தண்ணீரை எதிர்ப்பக்கமாக அடிப்பேன். ஐந்து ரூபாய் சிரிஞ்ச், இதுவரை வாங்கியதில் உருப்படியான உதிரி. தண்ணீர் தெளிந்த பிறகு பாசி வளரும். ப்ராப்பில் சுற்றியதும் ரிமோட் விசையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் அறுந்துவிடும் என்று முறுக்கினால் ஈ.எஸ்.சி. போகும். நான் எடுத்துவிட்டேன். அதனால் டியூப்போடு போனது.

நான்காவது தடவை, அக்கா மகன் அடம்பிடித்து 4எஸ் போட்ட நாள். 14.8 வோல்ட், சுற்று 30,000 தாண்டியது, மீட்டரில் 68. திரும்பி வருகிற வழியில் ஒரு சின்னக் காற்று அடிவயிற்றுக்குள் புகுந்து படகை மல்லாத்திவிட்டது. அணியத்துக்குள் பார்சல் நுரையை அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்ததால் மூழ்கவில்லை. 68 பார்த்தாயிற்று, போதும். என்னைக் கேட்டால் இந்த நீளத்துக்கு 3எஸ்ஸே போதும். காற்று எழும்புவதற்குள், காலை எட்டு மணிக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும்.

சின்னச் சின்னது சில. ஒவ்வொரு நாளும் ஓட்டியதும் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டை உருவித் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். ஒரு தீபாவளிக்கு மறந்து, துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. ப்ராப்புக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், முறுக்கு ஏறினால் ஷாஃப்ட் குறுகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீருக்குள் போகாது, ஆகவே ரிசீவர் ஏரியலை ஸ்ட்ரா வழியாக மேலே ஏற்றுங்கள். 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் நான்கு நிமிடம் முழு வேகம், அதோடு நிறுத்திவிடுங்கள். சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்று இப்போது லேசாக வீங்கியிருக்கிறது. முழு சார்ஜில் ஒரு கோடை முழுவதும் பரணில் கிடந்தது அதுதான்.

எங்கே ஓட்டுவது? மன்னார்குடி ஹரித்ரா நதியைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும். 23 ஏக்கர் கண்ணாடி. ஆனால் அது கோயில் குளம், ஆசைப்படுவதோடு சரி. ஆற்றில் இழுப்பு அதிகம், படித்துறையில் ஆட்கள் குளிப்பார்கள். அந்த ப்ராப் விரலைத் துண்டாக்கிவிடும். எங்களுக்கு வாய்த்தது ஊருக்கு வெளியே, மீன் குத்தகைக்கு விட்ட ஒரு ஏரி. குத்தகைக்காரர் முதல் வருடம் விரட்டினார், மீன் மிரளும் என்று. இரண்டாம் வருடம் கரையில் நின்று பார்த்தார். போன மாதம் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, இது அஞ்சு கிலோ தீவனம் தூக்கிட்டு நடு ஏரிக்குப் போவுமா?"

இது போகாது. அதற்கு அகலமான உடம்பு வேண்டும், கேவி குறைந்த மோட்டார், தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிச் சுற்றுகிற பெரிய ப்ராப். தெர்மாகோல் அறுத்தாயிற்று. இந்தத் தடவை பிரவுன் டேப்பும் ஒட்டியாயிற்று.