ஒடிஸி ஒயிட் ஹாட் ஓஜி 7 பட்டர்: நெக்கைப் பாத்து வாங்குங்க

கோல்ஃப்ல பந்தக் குழிக்குள்ள உருட்டி விடுற மட்டைதான் பட்டர், அத மாத்தணும்னு இருக்குறவங்க ஒடிஸி ஒயிட் ஹாட் ஓஜி 7 ஒரு தடவ கையில புடிச்சுப் பாருங்க. பின்னாடி ரெண்டு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த மாலட்தான், அதாவது தலை பெருசா இருக்குற வகை. எங்க குறி வைக்கிறோம்னு குழப்பமே வராது. பேஸ்ல, அதாவது பந்து படுற முகத்துல, பதிச்சிருக்குற ஒயிட் ஹாட் இன்சர்ட் 2000லயே வந்தது, 2021ல ஓஜின்னு திரும்ப எறக்குனாங்க, பந்து படும்போது மெத்துனு இருக்கும், சத்தமும் அடக்கம், எனக்கு அது ரொம்பவே புடிச்சிருக்கு. சத்தம் நல்லா கேட்டாத்தான் தூரம் புடிபடும்ங்கிறவங்களுக்கு இன்சர்ட் இல்லாம மெட்டல்லயே கடைஞ்ச மில்டு பேஸ் பட்டர்தான் சரி.

ஆனா முக்கியமா பாக்க வேண்டியது நெக்கு, அதாவது ஷாஃப்ட்டுங்கிற தண்டு ஹெட்டோட சேர்ற இடம். 7, 7எஸ்னு ரெண்டு இருக்கு, ஹெட்டு ஒண்ணுதான், ஆனா 7ல ஷாஃப்ட் ரெண்டு வளைவா எறங்கும், 7எஸ்ல சின்ன சாய்ஞ்ச நெக்கு. ஷாஃப்ட்ட விரல் மேல படுக்க வச்சுப் பாருங்க, 7ஓட பேஸ் வானத்தப் பாத்து நிக்கும், 7எஸ்ல டோ, அதாவது ஹெட்டோட வெளி நுனி, கீழ சாயும். நேரா இழுத்து நேரா தள்றவங்களுக்கு 7, உள்பக்கமா வளைஞ்சு போயிட்டு வர்றவங்களுக்கு 7எஸ். உங்க ஸ்ட்ரோக் எதுன்னு தெரியலன்னா யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, தெரிஞ்சிடும். இதப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம பிராண்டையும் ஆஃபரையும் மட்டும் சொல்ற கடையில தயவுசெஞ்சு அவசரப்பட்டு கார்டை நீட்டாதீங்க.

அடுத்து நீளம். கடையில பெரும்பாலும் 34, 35 இஞ்ச்தான் வச்சிருப்பாங்க, நம்ம ஆளுங்க நெறய பேருக்கு, குறிப்பா பெண்களுக்கு, 33 தான் வசதியா இருக்கும். குனிஞ்சு நிக்கும்போது கண்ணு பந்துக்கு நேர் மேலயோ ஒரு துளி உள்ளயோ வரணும். அப்புறமா வெட்டிக்கலாம்னு சொல்லுவாங்க, வெட்டுனா ஹெட்டு கனம் கம்மியான மாதிரி தெரியும், அதனால சரியான நீளத்தையே கேட்டு வாங்கிடுங்க.

கடை கார்பெட்டுல நாலு பந்து உருட்டிட்டு முடிவு பண்றதும் வேணாம். சிங்கப்பூர் கிரீன்ல, அதாவது குழி இருக்குற புல்தரையில, பெர்முடா புல்லுதான் அதிகம், புல்லு சாயுற பக்கம் பந்து ஓடும், எதிர்ப்பக்கம் இழுத்துப் புடிக்கும், மழ பேஞ்சு ஈரமா இருந்தா இன்னும் ஸ்லோ. மரினா பே கோர்ஸ் வேற 2024 ஜூன்ல மூடிட்டாங்க, டீ டைம், அதாவது ஆட நேரம், கிடைக்கிறதே பாடா இருக்கு, ரவுண்டுக்கு நடுவுல பட்டர டெஸ்ட் பண்ண முடியாது. டெமோ குடுக்குற கடையாப் பாத்து வாங்கி பிராக்டிஸ் கிரீன்ல தூர பட் அடிச்சுப் பாருங்க, கிட்டக்க எல்லா பட்டரும் நல்லாத்தான் இருக்கும்.

நம்ம ஊரு வேர்வைக்கு எந்த கிரிப்பா இருந்தாலும் அப்பப்ப சோப்புத் தண்ணியில கழுவணும். மணிக்கட்டு ரொம்ப ஆடுறவங்க வாங்கும்போதே தடியான கிரிப்புக்கு மாத்திக்கிட்டா நல்லது.