சத்தம் வரவில்லை என்று பழைய கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், அதிலும் வீட்டில் கண் தெரியாத ஒருவர் அதைப் பயன்படுத்தினால், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். போன ஐப்பசியில் எங்களுக்கு 3,200 ரூபாயும் ஒரு ராமும் (கம்ப்யூட்டருக்குள் மாட்டும் நினைவகப் பலகை) போனது. பணத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. டிகிரி முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். வீட்டில் இருப்பது 2011-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். கோர் 2 டுயோ, ஜி41 போர்டு (எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டு), 2 ஜிபி ராம் இரண்டு. அதில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் போட்டிருக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்; திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும், தமிழும் வாசிக்கும். கம்ப்யூட்டரில் சத்தம் போனால் நமக்குப் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். அவனுக்கோ மானிட்டரே உடைந்த மாதிரி. எந்த விண்டோ திறந்திருக்கிறது, என்ன டைப் செய்தான் எதுவும் தெரியாது.

எங்கள் வீடு மண்டைக்காடு பக்கம். கடலுக்கு நடந்தே போய்விடலாம். காற்றில் எந்நேரமும் உப்பு. ஜன்னல் கொண்டி, சைக்கிள் செயின் எதுவும் துருவுக்குத் தப்பாது. கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் ஹெட்போன் சொருகும் ஓட்டையிலும் அதே காற்றுதான் போகிறது. அம்மா தூங்கிய பிறகும் அவன் படிப்பான் என்பதால் தினமும் இரவு அதில் ஹெட்போனைச் சொருகுவான், காலையில் எடுப்பான். சத்தம் நிற்பதற்கு இரண்டு நாள் முன்பே, "எக்கா, கரகரங்குது, திருப்பித் திருப்பி வச்சாத்தான் கேக்குது" என்றான். மூன்றாம் நாள் ஹெட்போனிலும் இல்லை, பின்னால் மாட்டியிருந்த ஸ்பீக்கரிலும் இல்லை. ஸ்பீக்கர் பின்னை எடுத்து என் போனில் சொருகிப் பார்த்தோம், நன்றாகப் பாடியது. கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்பது தெரிந்துவிட்டது.

ஆட்டோவில் சிபியுவை ஏற்றி, திங்கள்சந்தை வழியாகத் தக்கலைப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடையின் பெயரை இங்கே போடவில்லை. தம்பியும் கூடவே வந்தான். முன்னால் கரகரத்தது, அப்புறம் இரண்டிலும் நின்றது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவனே தெளிவாகச் சொன்னான். கடைக்காரர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டிய விஷயம் அது.

மறுநாள் போன். "போர்டுல சவுண்ட் ஐசி அடிச்சுப் போச்சு மேடம். இடில போயிருக்கும். நாங்க ஐசி மாத்தித் தாறோம்." ஐசி என்றால் போர்டில் ஒட்டியிருக்கும் சிப். ஐப்பசியில் இங்கே இடிக்குக் குறைவில்லை, அதனால் நம்பிவிட்டேன். ஆனால் அதே இடியில் எங்கள் வீட்டு மோடமும் டிவியும் ஒன்றும் ஆகாமல்தான் இருந்தன. மின்னல் கேபிள் வழியாக வந்திருந்தால் முதலில் அடி வாங்கியிருக்க வேண்டியவை அவைதான். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒன்பது நாள் கழித்துத் தந்தார்கள். பில்லில் செக்கிங் 300, சவுண்ட் செக்‌ஷன் சர்வீஸ் 2,400, ஓஎஸ் (விண்டோஸ் போட) 500. ஓஎஸ் எதற்கு என்று கேட்டேன். "ஃபார்மட் பண்ணாத்தான் டிரைவர் ஏறும்" என்றார். ஃபார்மட் செய்யலாமா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி டிரைவ் உட்பட எல்லாவற்றையும் அழித்து ஒரே டிரைவாக ஆக்கி, விண்டோஸ் 10 போட்டிருந்தார்கள். அந்த டி டிரைவில்தான் பக்கத்து வீட்டு டீச்சர் மூன்று வருடமாக அவனுக்கு வாசித்துப் பதிந்து கொடுத்த பாடங்கள் இருந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலும் தமிழும், எல்லாம் எம்பி3. வேறு எங்கும் காப்பி வைக்காதது எங்கள் தவறு. ஆனாலும் அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறப்பவர், உள்ளே இருப்பதை எரிக்கும் முன் கேட்க வேண்டாமா?

என்விடிஏவைத் திரும்பப் போட்டோம், பேசியது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அம்மா மேசைக்கு அடியில் பெருக்கும்போது சிபியுவைக் கொஞ்சம் தள்ளினார்கள், சத்தம் நின்றுபோனது.

தம்பி மேசைக்கு அடியில் உட்கார்ந்து, பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தான். அவனுக்கு அந்தப் பின்பக்கம் மனப்பாடம். மேலே கீபோர்டுக்கும் மவுஸுக்கும் வட்டத் துளைகள், அப்புறம் மானிட்டர் பின், யுஎஸ்பி, நெட் வயர், கடைசியில் வரிசையாக மூன்று சிறிய ஓட்டைகள். பச்சை எது, பிங்க் எது என்பது அவனுக்குத் தேவையே இல்லை. மூன்றில் நடுவில் இருப்பது ஸ்பீக்கருக்கு. அந்த நடு ஓட்டை காலியாக இருந்தது. விரல் இன்னும் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"எக்கா, யுஎஸ்பில என்னமோ சொருகியிருக்கு. கட்டைவிரல் அளவுதான் இருக்கு. இது நம்மது இல்ல. ஸ்பீக்கர் வயரு இதுலதான் போகுது."

யுஎஸ்பி சவுண்ட் கார்டு. போர்டின் சவுண்டுக்குப் பதிலாக யுஎஸ்பி வழியாகச் சத்தம் தரும் சின்னக் கருவி. ஆன்லைனில் சாதாரணமானது 200 ரூபாய்க்கே கிடைக்கிறது. சிபியுவைத் தள்ளியதில் அது பாதி வெளியே வந்திருந்தது, அதனால்தான் சத்தம் நின்றிருக்கிறது. ஐசியும் மாற்றவில்லை, ஒன்றும் மாற்றவில்லை. இதைச் சொருகிவிட்டு 2,400 வாங்கியிருக்கிறார்கள்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி சவுண்ட் கார்டு போடுவது தப்பே இல்லை. போர்டில் உள்ள சவுண்ட் உண்மையாகவே போயிருந்தால் அதுதான் நல்ல வழி, செலவும் குறைவு. "உங்க போர்டுல கோளாறு, 200 ரூபாய்க்கு இதைப் போட்டுக்குங்க, கூலி 200 தாங்க" என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

அதைத் திரும்ப அழுத்திச் சொருகியதும் தம்பி விண்டோஸ் கீயோடு பாஸ் (Pause) கீயை அழுத்தி, கம்ப்யூட்டர் விவரத்தைக் கேட்டான். ராம் 2 ஜிபி என்றது. இருந்தது 4.

நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படிக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டோம். அவன் சொல்லச் சொல்ல நாங்கள் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் செட்டிங் திரை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலத் திரை வரும் (சில போர்டுகளில் எஃப்2). ஸ்கிரீன் ரீடர் விண்டோஸுக்குள் ஓடுவது, அதனால் இந்தத் திரையை அது வாசிக்காது. "இங்க உனக்குத்தான் வேலை" என்று தம்பி நகர்ந்து உட்கார்ந்தான். இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் என்ற பக்கத்தில் அசேலியா கோடெக் என்று ஒரு வரி இருந்தது. போர்டோடு வரும் சவுண்டுக்கு எங்கள் போர்டில் அந்தப் பெயர். வேறு போர்டுகளில் ஆன்போர்டு ஆடியோ, ஹெச்டி ஆடியோ என்றெல்லாம் இருக்கும். அதில் 'டிசேபிள்டு' என்று வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்து பயாஸ் தன் பழைய நிலைக்குப் போயிருந்தால்கூட அது 'ஆட்டோ' என்றுதான் இருக்கும். ஆள் கை வைக்காமல் தானாக அணையாது. ஐசியை மாற்றியிருந்தால் யாரும் இப்படி அணைத்து வைக்க மாட்டார்கள். ஆட்டோ என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்தேன்.

விண்டோஸ் வந்ததும் ஸ்பீக்கரைப் பழையபடி நடு ஓட்டையில் மாட்டினோம். சவுண்ட் டிவைஸ் வந்துவிட்டது, சிவப்புக் குறி இல்லை, வால்யூம் காட்டும் பச்சைக் கோடுகூட ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. போர்டு பாடிக்கொண்டிருக்கிறது, பாட்டு வேறு எங்கோ போகிறது என்றான் சித்தப்பா மகன். முன்பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்தால் பின்பக்க ஸ்பீக்கரை அணைத்துவிடும்படிதான் பல கம்ப்யூட்டர்களில் வைத்திருக்கிறார்கள். முன் ஓட்டைக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. ஹெட்போன் பின் உள்ளே போனால் அது நகரும், அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. உப்புக் காற்றில் அந்தத் தகடு களிம்பு பிடித்து ஒட்டிக்கொண்டால், ஹெட்போன் இல்லாமலே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தம்பி முதல் நாளே சொன்ன கரகரப்பு அதுதான்.

கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். போர்டு மேல் தூசி மெத்தை மாதிரிப் படிந்திருந்தது. ஒன்பது நாள் வேலை பார்த்த இடத்தில் ஒரு விரல் தடமாவது இருக்க வேண்டும், இல்லை. ராம் ஸ்லாட் ஒன்று மட்டும் தூசியே இல்லாமல் கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. பல வருடமாகக் காலியாக இருந்த ஸ்லாட் என்றால் அதிலும் தூசி அடைந்திருக்கும். அதை அப்படியே போட்டோ எடுத்து வைத்தேன்.

எங்கள் போர்டின் ஓரத்தில் எஃப் ஆடியோ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டு வரிசையாக ஒன்பது ஊசிகள், ஒரு இடம் காலி. முன்பக்க ஹெட்போன் ஓட்டையிலிருந்து வரும் வயர் அதில்தான் மாட்டியிருக்கும். அதைப் பிடித்து நேராக மேலே இழுத்தேன். மூடி, ஆன் செய்தோம்.

என்விடிஏ பேசியது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தி அது பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்பது நாளில் செய்யாததை ஒரு வயரை உருவி முடித்தோம். போர்டு சவுண்டுக்கான ரியல்டெக் மென்பொருள் இருந்தால் வயரைக்கூட உருவ வேண்டாம்; அதன் செட்டிங்கில் முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை நிறுத்தும் வசதி இருக்கிறது.

கடைக்குப் போய்க் கேட்டோம். ஐசி எங்கே மாற்றினீர்கள் என்றேன். "சத்தம் கேட்டுதா இல்லியா? கேட்டாப் போதும்லா" என்றார். ராமைப் பற்றிக் கேட்டதற்கு, கொண்டு வரும்போதே ஒன்றுதான் இருந்தது என்றார். கடைசியாகத் தம்பி நிற்கும்போதே என்னிடம், "கண்ணு தெரியாத பையனுக்கு 2 ஜிபி காணாதா மேடம்?" என்றார். தம்பி என் கையைப் பிடித்து, "வா எக்கா, போவோம்" என்றான். பேருந்தில் வரும்போது அவனிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

1915-க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. ராமுக்கு மட்டும் ஆதாரம் பலவீனம். கொடுக்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று எழுதி வாங்கவில்லையே.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்கும் முன் பக்கத் தகட்டைக் கழற்றி, ராம், ஹார்ட் டிஸ்க், அதன் ஸ்டிக்கர் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். வாங்கிக்கொள்ளும் சீட்டிலேயே ராம் எத்தனை, ஃபார்மட் செய்யக்கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். பார்ட் மாற்றியதாகச் சொன்னால் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. ஸ்பீக்கரைப் போனில் சொருகிப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ வயரில் மானிட்டர் மாட்டியிருந்தால் சத்தம் அந்த மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம், ஸ்பீக்கர் ஐகானில் எந்த டிவைஸ் என்று பார்த்து மாற்றுங்கள். விண்டோஸ் ஆடியோ என்ற சர்வீஸ் நின்றுபோயிருந்தாலும் சத்தம் வராது. முன் ஓட்டையில் ஹெட்போனை நாலைந்து தடவை சொருகி எடுத்துப் பாருங்கள், ஒட்டிய தகடு சில நேரம் அதிலேயே விடும். கண் தெரியாதவர் இருக்கும் வீட்டில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டை மேசை டிராயரில் வாங்கிப் போட்டு வையுங்கள். போர்டு சவுண்டில் கோளாறு வந்தால் அதைச் சொருகிவிட்டால் போதும், அவர்களே கேட்டு மற்றதைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அழிந்த பாடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபார்மட் ஆனது தெரிந்ததும் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். நாங்கள் இரண்டு நாள் ஓட்டியதில் கொஞ்சம் போயிருக்கும். சித்தப்பா மகன் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைத்ததையெல்லாம் வேறு டிஸ்கில் எடுத்துக் கொடுத்தான். அந்த மென்பொருள் பழைய பெயர்களை மீட்காது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எண்தான் இருக்கும். 212 கோப்புகள் வந்திருக்கின்றன, சில பாதியிலேயே நின்றுவிடுகின்றன. தம்பி தினமும் இரவு ஒவ்வொன்றாகத் திறந்து, டீச்சர் முதல் வரியை வாசிப்பதைக் கேட்டு, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று கண்டுபிடித்துப் பெயர் வைக்கிறான். நேற்று வரை 61 முடித்திருக்கிறான்.