பழைய ஹார்ட் டிஸ்க்: மேலெழுதுவதா, துளை போடுவதா?

விரைவு ஃபார்மட்டை நம்பி டிஸ்க்கைக் காயலான் கடையில் போடாதீர்கள். ஆதார் நகல், குடும்பப் படங்கள் எல்லாம் இலவச மென்பொருளிலேயே மீண்டுவிடும். அதனால் டிஸ்க் முழுவதும் வேறு தரவை எழுதிப் பழையதை அழிக்க வேண்டும், அதுதான் மேலெழுதுவது. இல்லையென்றால் உள்ளிருக்கும் தட்டில் துளை போட வேண்டும்.

செலவு: மேலெழுதும் என்வைப் மென்பொருள் இலவசம். துளைக்கு டிரில் மெஷின் வேண்டும்.

நேரம்: 1 டிபி மேலெழுத ஏறக்குறைய 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல். துளைக்குச் சில நிமிடங்கள்.

உறுதி: காந்தத் தட்டுள்ள டிஸ்க்குக்கு ஒருமுறை முழுதாக மேலெழுதினாலே பொதுவாகப் போதும் என்றது அமெரிக்க அரசின் தொழில்நுட்பத் தர அமைப்பான நிஸ்டின் 2014 வழிகாட்டி. சிலர் சொல்வது போல 35 முறை மேலெழுத வேண்டாம். துளைத்த தட்டின் மிச்சத்தில் தகவல் இருக்கும். ஆனால் சாதாரணமாக யாராலும் படிக்க முடியாது.

ஆபத்து: லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சில்லு தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

ஓடுகிற டிஸ்க்கை மேலெழுதி, தேவைப்படும் மாணவருக்குக் கொடுங்கள். சுழலாததற்குத் துளைதான். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இரண்டையும் நம்ப முடியாது. அதற்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையான செக்யூர் எரேஸை, தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாகப் பயன்படுத்துங்கள்.