சொரியாசிஸ்: வாரம் ஒருநாள் மாத்திரையோடு சில வருடங்கள்

தோலில் செதில் செதிலாகப் படை வரும் சொரியாசிஸ் என்றதும் முதலில் கைக்கு வருவது குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்புதான். பூசிய சில நாளிலேயே செதில் உதிர்ந்து தோல் வழவழப்பாகிவிடும். அந்த வேகத்தில் மயங்கி மாதக்கணக்கில் பூசுபவர்கள் உண்டு. தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். என் டாக்டர் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டீராய்டு இல்லாத கால்சிபோட்ரியால் களிம்புக்கு மாற்றினார். முழங்கைக்கு அது போதும். முதுகு முழுக்கப் படை வந்தால் எத்தனை டியூபைப் பிதுக்குவது?

அப்புறம்தான் மெதோட்ரெக்சேட் மாத்திரை. புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து என்று தெரிந்ததும் வீட்டில் கலங்கிப்போனார்கள். ஆனால் சொரியாசிஸுக்கு அளவு வேறு: வாரத்தில் ஒரே நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராமுக்குள். இதையே தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு மருந்துக்கடையில் உறைமேல் ‘தினம் 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள்! சீட்டைப் பார்க்காமல் உறையை மட்டும் நம்பும் ஒருவருக்கு என்ன ஆகியிருக்கும்? அன்றிலிருந்து மாத்திரை நாளைக் காலண்டரில் நானே குறித்துக்கொள்கிறேன்.

பலன் மெதுவாகத்தான் வரும். முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது மாதம் முதுகு தெளிந்தது. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல் இருக்கும். அதனால் டாக்டரிடம் கேட்டு சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டேன், ஞாயிறு படுத்துக்கிடக்கலாம். வேறு நாட்களில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை போட்டால் குமட்டல் கொஞ்சம் அடங்குகிறது. மது அறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தே ஆகாது. மாத்திரை மலிவு, ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் என்று அவ்வப்போது செய்யும் பரிசோதனைக்குத்தான் அதிகம் செலவாகிறது. (கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர்கள் இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.)

நடுவில் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியதால் அப்ரெமிலாஸ்ட் என்ற வேறு மாத்திரைக்கு மாற வேண்டியிருந்தது. 10 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 30 வரை ஏற்றியும் முதல் வாரங்களில் வயிற்றுப்போக்கு படுத்திவிட்டது. பரிசோதனைக்கு அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை என்பது நிம்மதி. ஆனால் மெதோட்ரெக்சேட் அளவுக்குத் தோல் தெளியவில்லை. அளவுகள் இறங்கியதும் டாக்டர் குறைந்த டோஸில் பழைய மாத்திரைக்கே திருப்பினார்.

நோய் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை அடக்கி சொரியாசிஸைக் கட்டுப்படுத்தும் செகுகினுமாப் ஊசி நான் போட்டதில்லை. தொடக்கத்தில் வாரந்தோறும், பிறகு மாதம் ஒருமுறை போடுவது அது. விலையைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். போட நினைப்பவர்களுக்கு முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். யாராவது சீக்கிரம் குணமாகும் என்று பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் தோல் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஏற்கனவே சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தியதும் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பக்கூடும்.