சன்ன வேகம்: ஒரு வெளிச்சக் கூண்டும் இரண்டு ராடாரும்

எங்கள் துப்பாக்கி சுடும் கழக அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் கிடக்கிறது. உள்ளே பாதி தீர்ந்த பெல்லட், அதாவது காற்று ரைபிள் சன்ன டப்பாக்கள். ஒவ்வொரு மூடியிலும் பேனையால் ஓர் எண், செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்ற சன்ன வேகம்: 171, 168, 173. யாரோ பொறுமையாக அளந்து எழுதியவைதான். எந்தத் துப்பாக்கியில், எந்த வருஷம், எத்தனை வெடியின் சராசரி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதனால்தான் குரோனோகிராப் என்கிற வேகம் அளக்கும் கருவி புதிதாக வாங்கும் பேச்சு வந்தபோது, எது திறமாக அளக்கும் என்பதை விட, அளந்ததை எது பத்திரமாக வைத்திருக்கும் என்று நான் நச்சரிக்கத் தொடங்கினேன்.

நாங்கள் சுடுவது பெரும்பாலும் 10 மீற்றர் காற்று ரைபிள். 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம், நிறை 0.53 கிராம் அளவில், வேகம் செக்கனுக்கு 170 மீற்றர் மட்டில். 10 மீற்றர் போய்ச் சேருவதற்குள் அது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் கீழே இறங்குகிறது. வேகத்தில் 3 மீற்றர் வித்தியாசம் வந்தால் இந்த இறக்கம் 0.6 மில்லிமீற்றர் மாறும். இலக்கின் நடுப்புள்ளியின் விட்டமே 0.5 மில்லிமீற்றர்தான். தசமப் புள்ளி முறையில், நடுவிலிருந்து விலகும் ஒவ்வொரு 0.25 மில்லிமீற்றருக்கும் 0.1 புள்ளி போகும். ஆக, டப்பாவுக்கு டப்பா வேகம் பார்ப்பது கிறுக்கு வேலை இல்லை. கை நடுங்குகிறவருக்கு இதெல்லாம் பிறகு, அது வேறு கதை.

முதலில், எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒளிக் குரோனோகிராப். நாங்கள் அதை வெளிச்சக் கூண்டு என்போம். ஓர் அடி இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள். சன்னத்தின் நிழல் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக எடுக்கும் நேரத்தைக் கொண்டு வேகம் கணக்கிடப்படும். எங்கள் சன்னத்துக்கு அந்த நேரம் 1.8 மில்லிசெக்கன். விலை ராடாரில் கால்பங்குதான். ஆனால் உணரிகளின் இடைவெளி ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே வேகத்தில் அரை மீற்றருக்கு மேல் பிழை வந்துவிடும். இன்னொரு தொல்லை குழல் விளக்கு. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே பழைய குழல் விளக்கு செக்கனுக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். வெளியே கொண்டுபோனால் கொழும்பு உச்சி வெயில் நேரே உணரிக்குள் இறங்கும். இவற்றுக்கு மேல், கூண்டுக்குள்ளால் சுட வேண்டும். புதியவர் ஒருவர் சற்றுத் தாழ்த்திச் சுட்டால் கருவியே இலக்காகிவிடும். எங்கள் கூண்டின் நெற்றியிலும் அப்படி ஒரு வடு உண்டு. எங்களுடைய மாதிரியில் எண் திரையில் வரும், கொப்பியில் எழுதினால் உண்டு. மூத்தவர் ஒருவர் இதைத்தான் நல்லது என்பார்: "கொப்பிக்குச் சார்ஜ் போட வேண்டாம் தம்பி."

ராடார் வேறு விதம். சன்னத்தின் பின்னால் 24 கிகாஹேர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தை அளக்கும். 170 மீற்றர் வேகத்துக்கு அந்த மாற்றம் சுமார் 27,000 ஹேர்ட்ஸ். வெளிச்சம் எப்படியிருந்தாலும் கவலையில்லை. நாங்கள் பார்த்த லாப்ராடார், கார்மின் இரண்டுமே 0.1 சதவீதத் துல்லியம் சொல்கின்றன, எங்களுக்கு அது செக்கனுக்கு 17 சென்ரிமீற்றர்.

லாப்ராடார், அதாவது பழைய பெரிய மாதிரி, தட்டையான செம்மஞ்சள் பெட்டி. ஆறு ஏஏ பற்றரி. வெடிச் சத்தத்தை ஒலிவாங்கியால் கேட்டுத்தான் விழித்துக்கொள்ளும். காற்று ரைபிளின் சத்தம் அதற்குப் போதாமல் போவதால், அதற்கென்று தனித் தூண்டி வாங்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் யாராவது பெரிதாக வெடி வைத்தால் அதற்கும் விழித்துக்கொள்ளும். ஆனால் அதன் பெருமை வேறு: குழல் வாய் வேகத்தோடு நிற்காமல், நாம் குறிக்கும் ஐந்து தூரங்களிலும் வேகம் தரும். 50 மீற்றரில் .22 ரைபிள் சுடுகிறவருக்கு, சன்னம் வழியில் எவ்வளவு வேகம் இழக்கிறது என்று தெரிவது பொன்னுக்குச் சமம். 10 மீற்றர்காரருக்கு அதனால் ஒன்றுமில்லை. தரவெல்லாம் எஸ்டி கார்ட்டில் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக விழும். எந்தக் கணினியிலும் திறக்கலாம், கணக்கு, கடவுச்சொல் ஒன்றும் வேண்டாம். குறை நம் பக்கம்தான். கோப்புறைகளுக்கு எஸ்ஆர்0001, எஸ்ஆர்0002 என்று அது தன்பாட்டில் பெயர் வைத்துக்கொண்டு போகும். நண்பர் ஒருவரின் கார்ட்டில் அப்படி நிறைய இருந்தன. எது எந்த டப்பா என்று அவருக்கே நினைவில்லை. பிஸ்கட் டின்னின் டிஜிட்டல் பதிப்பு.

2023 இல் கார்மின் வெளியிட்ட ஸீரோ சி1 புரோ உள்ளங்கைக்குள் அடங்கும். வெளியீட்டு விலை 600 டொலர். குழலுக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் வைத்தால் சரி. காற்று ரைபிளுக்கென்றே தனித் தெரிவு உண்டு, வெளித் தூண்டி வேண்டாம். சன்ன நிறையை முன்கூட்டிக் கொடுத்தால் சக்தியையும் சொல்லும். அளந்ததெல்லாம் ஷொட்வியூ செயலி வழியே போனுக்கு வரும். அங்கே ஒவ்வொரு வெடித் தொகுதிக்கும் பெயர் வைக்கலாம், சிஎஸ்வியாக எடுக்கலாம். சுகமோ சுகம். ஆனால் யாருடைய போன்? எங்கள் தமிழ்க் கழகங்களில் இது சின்னக் கேள்வி இல்லை. செயலாளர் போனில் இணைத்து வைப்போம், அடுத்த வருஷம் அவர் ரொறன்ரோ போய்விடுவார், கழகத்தின் தரவும் கூடவே விமானம் ஏறும்.

துப்பாக்கிக் குழலில் கட்டும் காந்தக் குரோனோகிராப்பும் உண்டு. மெல்லிய குழலில் பாரம் தொங்கவிட்டால் குண்டு விழும் இடமே மாறும். அதை நாங்கள் பேச்சோடு விட்டுவிட்டோம்.

எதை வாங்கினாலும் ஐந்து வெடியில் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐந்து வெடியில் நியம விலகல், அதாவது வேகம் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 1.0 என்று வந்தால், உண்மையானது 0.6 ஆகவும் இருக்கலாம், 2.9 ஆகவும் இருக்கலாம். இருபது வெடிக்கு அந்த வீச்சு 0.76 முதல் 1.46 வரை சுருங்கும். ராடாரின் உண்மையான இலாபம் இங்கேதான்: இருபது எண்ணைக் கொப்பியில் எழுத யாருக்கும் பஞ்சி, அதற்குப் பஞ்சியில்லை.

என் வாக்கு, காற்று ரைபிள் கழகத்துக்குச் சின்ன ராடார்; 50 மீற்றர் ஆட்கள் கூடுதலாக இருந்தால் பெரியது. ஆனால் ஒன்று, இவை ரேடியோ அலை அனுப்பும் கருவிகள், கொண்டுவரும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை விசாரியுங்கள். சுங்கத்தில் 'சன்ன வேகம் அளக்க' என்று விளக்குவதற்கு வாய் வருமா என்பது உங்கள் வயதைப் பொறுத்தது. துப்பாக்கி என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழகாத தலைமுறை நாங்கள்.

சின்னதையே வாங்கினோம். ஒவ்வொரு தொகுதியும் துப்பாக்கி இலக்கம், டப்பாவின் உற்பத்தி லொட் இலக்கம், காற்றுச் சிலிண்டரின் அழுத்தம் என்ற மூன்றையும் பெயரில் சுமக்கிறது. அன்றைக்கே கோப்பு கழக மின்னஞ்சலுக்குப் போகிறது. முதல் நாள் மூத்தவர் பிஸ்கட் டின்னிலிருந்து '171' டப்பாவை எடுத்துவந்தார். ஏழு சன்னம்தான் மிச்சம். சராசரி 166. யார் பிழை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு வெடி போதாது என்றேன்.